உயிரிலிருந்து வாழ்வுக்கு

நுழையும்முன்

கைப்பேசி, இணையம், ஆதார் எண் ஆகிய எவையும் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது இந்திய அரசியலமைப்பு. இன்றைய மனிதரின் அன்றாடச் சிக்கல்களுக்கு அதனிடமிருந்து விடை பெற முடியுமா? நடைபாதையில் கடை வைத்திருப்பவர், விபத்தில் அடிபட்டவர், மாசுபட்ட ஆற்றங்கரையில் வாழ்பவர், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி எனப் பலரும் அரசியலமைப்பின் ஒரே வரியிடம் நீதி கேட்டிருக்கின்றனர். அந்த வரி பிரிவு 21. அது கடந்துவந்த பாதையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வரி, ஒரு சொல்

இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. அவற்றுள் மிகச் சுருக்கமான பிரிவுகளில் ஒன்று பிரிவு 21. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறித்தல் கூடாது என்பதே அதன் பொருள். ஆங்கில மூலத்தில் அது பதினெட்டுச் சொற்களால் ஆன ஒரே தொடர்.

அத்தொடரில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அது ‘குடிமகன்’ என்று கூறாமல் ‘எவரும்’ என்று கூறுகிறது. எனவே, இந்திய மண்ணில் இருக்கும் அயல்நாட்டவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. இரண்டாவது, அதில் இடம்பெற்றுள்ள ‘லைஃப்’ என்னும் ஆங்கிலச் சொல். தமிழில் அதற்கு ‘உயிர்’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘வாழ்வு’ என்றும் பொருள் கொள்ளலாம். உயிர் என்பது மூச்சு நிற்காமல் இருத்தல். வாழ்வு என்பது உணவு, தொழில், கல்வி, மதிப்பு ஆகியவற்றோடு இருத்தல். அரசு ஒருவரைக் கொல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா, அவர் வாழ்வதற்கான சூழலையும் காக்க வேண்டுமா என்னும் வினா இவ்விரு பொருள்களுக்கும் இடையில் நிற்கிறது. பிரிவு 21இன் எழுபதாண்டு வரலாறு, உயிர் என்னும் பொருளிலிருந்து வாழ்வு என்னும் பொருளை நோக்கி நடந்த வரலாறே ஆகும்.

அவையில் எழுந்த விவாதம்

இந்த வரி எளிதில் உருவாகிவிடவில்லை. தொடக்க வரைவில், அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளதைப் போன்று, ‘உரிய சட்ட நெறிமுறை’ என்னும் தொடர் இடம்பெற்றிருந்தது. ஒரு சட்டம் நேர்மையானதா என்று ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கும் தொடர் அது. அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகரான பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இயற்றும் சட்டங்களைச் சில நீதிபதிகள் முடக்கிவிட அத்தொடர் இடமளிக்கும் என்று அவர் எச்சரித்தார். அதன்பின், ஜப்பானிய அரசியலமைப்பை ஒட்டிச் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்னும் தொடர் வரைவில் சேர்க்கப்பட்டது.

1948 டிசம்பரில் இப்பிரிவு அவையின் விவாதத்துக்கு வந்தது. வரைவுக்குழு உறுப்பினரும் சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞருமான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் புதிய தொடரை ஆதரித்தார். பழைய தொடரே வேண்டுமென உறுப்பினர் பலர் வாதிட்டனர். சட்டமன்றத்தை முழுமையாக நம்புவதிலும் இடருண்டு. நீதிபதிகளை முழுமையாக நம்புவதிலும் இடருண்டு என்று இருபக்க நியாயங்களையும் எடுத்துரைத்த அம்பேத்கர், முடிவை அவையிடமே விட்டார். புதிய தொடரே நிலைத்தது. அதனால் ஏற்பட்ட குறையை ஓரளவு ஈடுசெய்ய, கைது செய்யப்படுபவருக்கான பாதுகாப்புகளைக் கூறும் மற்றொரு பிரிவை 1949இல் அவரே கொண்டுவந்தார். அதுவே இன்றைய பிரிவு 22.

முதல் சோதனை

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே பிரிவு 21 சோதனைக்கு உள்ளானது. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ.கே. கோபாலன், 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாநிலத்தில் சிறைவைக்கப்பட்டிருந்தார். அவர் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகினார். ஒருவரைச் சிறைவைக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

பெரும்பான்மை நீதிபதிகள் அவ்வாதத்தை ஏற்கவில்லை. முறையாக இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் போதும்; அது நல்லதா, தீயதா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்று கூறினர். நீதிபதி ஃபசல் அலி மட்டும் நடைமுறை என்பதிலேயே நீதியின் அடிப்படை நெறிகள் அடங்கியிருக்க வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அன்று அது தோற்ற கருத்து. ஆனால், நீதிமன்ற வரலாற்றில் தோற்ற கருத்துகளும் ஏட்டில் எழுதப்பட்டே இருக்கும்; பின்வரும் தலைமுறை அவற்றை எடுத்துப் படிக்கும்.

பிரிவு 21ஐ மிகக் குறுகலாகப் படித்தால் என்ன நேரும் என்பதை நெருக்கடிநிலைக் காலம் காட்டியது. 1976இல், விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடலாமா என்னும் வினா எழுந்தது. நெருக்கடிநிலை நீடிக்கும்வரை நாட முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். பின்னர், 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நெருக்கடிநிலையிலும் பிரிவு 20, பிரிவு 21 ஆகியவற்றைச் செயலிழக்கச் செய்ய முடியாது என்று வகுத்தது.

கடவுச்சீட்டு எழுப்பிய வினா

1977 ஜூலையில் மேனகா காந்தியின் கடவுச்சீட்டை அரசு முடக்கியது. பொதுநலன் கருதி எடுக்கப்பட்ட முடிவு என்று மட்டுமே கூறப்பட்டது, காரணம் தெரிவிக்கப்படவில்லை. அவ்வழக்கில் 1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் அறிவுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். மனம்போன போக்கில் அமைதல் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. ஃபசல் அலி 28 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கருத்து இவ்வாறு உயிர்பெற்றது.

இத்தீர்ப்பின் பயன் கடவுச்சீட்டோடு நிற்கவில்லை. ஓர் அலுவலகம் ஒருவருக்குக் கெடுதல் தரும் முடிவை எடுக்குமுன், அதன் காரணத்தை அவருக்குத் தெரிவிப்பதும் அவருடைய விளக்கத்தைக் கேட்பதும் நியாயமான நடைமுறையின் கூறுகள் என்பது இதனால் வலுப்பெற்றது. ‘ஏன்?’ என்று கேட்பது அரசுக்கு எதிரான செயலன்று. அது அரசியலமைப்பின் மொழி.

நடைபாதையும் வாழ்வாதாரமும்

1981இல் பம்பாய் நகரின் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த அரசும் மாநகராட்சியும் முடிவெடுத்தன. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே தங்கியிருந்த ஏழை மக்கள் அவர்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம் ஓர் எளிய உண்மையைச் சுட்டியது. பிழைக்கும் வழி இல்லாமல் எவரும் உயிர்வாழ முடியாது. ஆகவே, வாழ்வாதாரத்தைப் பறிப்பது வாழ்வைப் பறிப்பதே ஆகும்.

எனினும், நடைபாதையில் நிலையாகத் தங்கும் உரிமையை நீதிமன்றம் அவர்களுக்கு வழங்கவில்லை. நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது என்றே கூறியது. அப்புறப்படுத்தலாம், ஆனால், பொதுவாக முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்தம் தரப்பைக் கேட்ட பின்னரே அதைச் செய்ய வேண்டும், மழைக்காலம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும் என்பதே தீர்ப்பு. கொள்கையில் வென்றவர்கள் குடிசையை இழந்தனர். உரிமை என்பது கேட்டதையெல்லாம் தருவதன்று. எடுப்பதற்கு முன் மனிதரை மனிதராக நடத்தச் செய்வது என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்கான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வியாபாரிகளைக் கணக்கெடுத்தல், சான்றிதழ் வழங்கல், வியாபாரிகளும் உறுப்பினராக இடம்பெறும் நகர விற்பனைக் குழுவை அமைத்தல் ஆகியன அதன் கூறுகள். பள்ளி வாயிலருகே தள்ளுவண்டியில் கொய்யாவும் சுண்டலும் விற்பவருக்கும் இன்று சட்டத்தில் இடம் இருக்கிறது.

விபத்தும் மனிதநேயமும்

சாலை விபத்தில் காயமடைந்த ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். காவல்துறை வழக்குத் தொடர்பான சிகிச்சை என்பதால், அதற்கென அனுமதிபெற்ற வேறு மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறப்படுகிறது. அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியிலேயே அவர் இறந்துவிடுகிறார். இச்செய்தியை நாளிதழில் கண்ட வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

உயிர் காப்பதே முதற்கடமை. காவல்துறை நடைமுறைகள் அதன் பின்னரே என்று 1989இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் இக்கடமை பொருந்தும் என்றும் கூறியது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோர் காவல்நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைக்கழிக்கப்படாமல் இருப்பதற்கான நெறிமுறைகள் 2016இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்பாதுகாப்பு இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவுபவர் தம் பெயரைக் கூறவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு தயங்கி நிற்கும் இளைஞர் ஒருவர் இதை அறிந்திருந்தால், அந்தத் தயக்கம் நீங்கும். ஓர் உயிரும் பிழைக்கக்கூடும்.

பாலாற்றங்கரையின் குரல்

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், பாலாற்றுப் படுகையை ஒட்டித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல இயங்கிவந்தன. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் கலந்தது. கிணறுகள் கெட்டன, குடிநீர் உவர்த்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் அமைந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுத் தகவலை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

இவ்வழக்கில் இருபுறமும் வாழ்வாதாரம் இருந்தது. தோல் தொழில் பல்லாயிரவருக்கு வேலை தந்தது. நாட்டுக்கு அயல்நாட்டுச் செலாவணியை ஈட்டித் தந்தது. அதே தொழில் உழவர்களின் நிலத்தையும் நீரையும் அழித்தது. நீதிமன்றம் தொழிலே கூடாது என்று கூறவில்லை. தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் நாட்டின் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. மாசற்ற நீரும் காற்றும் பிரிவு 21 கூறும் வாழ்வில் அடங்கும் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

ஆனால், தீர்ப்பு எழுதப்பட்ட உடனே ஆறு தூய்மையாகிவிடுவதில்லை. 2025 ஜனவரியில், அதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் ஏறத்தாழ முப்பது. 1996இல் பிறந்த குழந்தை வளர்ந்து, தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் அது. ஏட்டில் உள்ள உரிமைக்கும் கிணற்றில் உள்ள நீருக்கும் இடையிலான தொலைவை நிருவாகமும் மக்களின் விழிப்பும்தாம் கடக்க வேண்டும்.

கைப்பேசிக்குள் ஒரு வாழ்வு

இன்று ஒருவரின் நட்பு, படிப்பு, பணம், உடல்நலக் குறிப்பு அனைத்தும் அவருடைய கைப்பேசியில் அடங்கிவிடுகின்றன. அத்தகவல்கள் யாருக்கு உரியவை? அரசியலமைப்பில் தனியுரிமை என்னும் சொல்லே இல்லை. அது அடிப்படை உரிமையன்று என்று கருத இடமளிக்கும் 1954, 1962ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளும் இருந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் இவ்வினா ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின்முன் வந்தது. தனியுரிமை, பிரிவு 21இன் பிரிக்க முடியாத பகுதி என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1976ஆம் ஆண்டின் நெருக்கடிநிலைத் தீர்ப்பு பிழையானது என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. அத்தீர்ப்பை எழுதிய நால்வருள் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், அது பிழை என்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

தனியுரிமை எல்லையற்றதன்று. அதில் அரசு தலையிடும்போது மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறதா? அதன் நோக்கம் முறையானதா? எடுக்கப்படும் நடவடிக்கை அந்நோக்கத்துக்குத் தேவையான அளவில் உள்ளதா? இவ்வினாக்களின் பயனை அடுத்த ஆண்டே காண முடிந்தது. 2018 தீர்ப்பில் ஆதார் திட்டம் பெரும்பகுதி ஏற்கப்பட்டது. ஆயினும், வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயமாக்குவது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பள்ளிச் சேர்க்கைக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது எனக் கூறப்பட்டது.

மாணவர்களின் அன்றாடத்தைத் தொடும் தீர்ப்பொன்றைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வழங்கியது. கல்லூரி விடுதியொன்றில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி பயன்படுத்தத் தடை இருந்தது. அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். படிப்புக்கு இணையம் இன்றியமையாததாகிவிட்டதைச் சுட்டிய நீதிமன்றம், இணைய அணுக்கம் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் தொடர்புடையது என்று கூறி, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. ஒழுங்கை நிலைநாட்ட விதிகள் தேவை. அவ்விதிகள் கற்றலுக்கே தடையாகிவிடக் கூடாது என்பதே இதன் சாரம்.

தெரிந்து தெளிவோம்

ஒரு பிரிவின் பொருள் இரு வழிகளில் விரிவடையலாம். ஒன்று, நீதிமன்ற விளக்கம். மற்றொன்று, நாடாளுமன்றத் திருத்தம். கல்வி உரிமை இவ்விரு வழிகளிலும் வந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம், 14 வயது வரையிலான கல்வி பிரிவு 21இல் அடங்கும் என்றது. 2002இல் 86ஆவது திருத்தத்தின் வழியாகப் பிரிவு 21அ சேர்க்கப்பட்டது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

விளக்கமா, மாற்றமா?

இங்கு நேர்மையான ஓர் எதிர்வினாவும் உண்டு. அரசியல் நிர்ணய சபை தெரிந்தே விலக்கிய பொருளை, 1978இல் நீதிமன்றம் விளக்கம் என்னும் பெயரால் திரும்பக் கொண்டுவந்தது முறையா? மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் புதிய உரிமைகளை உருவாக்கலாமா? ஃபிராங்ஃபர்ட்டர் எச்சரித்தது இதைத்தானே?

சட்ட அறிஞர்கள் இதில் ஒருமித்த கருத்துடையவர்களல்லர். சொற்களின் பொருளை எழுதியவர்களின் காலத்தோடு நிறுத்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. அவ்வாறு நிறுத்தினால், அவர்கள் கண்டிராத தீங்குகளிலிருந்து மக்களைக் காக்க முடியாது என்பது மறு தரப்பு. இரண்டாம் தரப்புக்கு வலுச்சேர்ப்பது வரலாறு. குறுகலாகப் படித்தபோது சிறைக்கதவுகள் மூடப்பட்டன; விரிவாகப் படித்தபோது மனிதர்கள் காக்கப்பட்டனர். முதல் தரப்பை வலுவாக்குவது மக்களாட்சி. எல்லா வினாக்களுக்கும் நீதிமன்றமே விடை கூறினால், சட்டமன்றத்தின் பொறுப்பு குறைந்துவிடும். ஆகவேதான், தெருவோர வியாபாரிகள் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் சிறப்பிடம் பெறுகின்றன. நீதிமன்றம் தொடங்கியதை மக்களின் பிரதிநிதிகள் நிறைவுசெய்த இடங்கள் அவை.

வினவும் குடிமக்கள்

பிரிவு 21இன் பாதையில் ஒன்று பொதுவாகக் காணப்படுகிறது. அதன் பொருளை விரித்தவர்கள் நீதிபதிகள் மட்டுமல்லர். சிறையிலிருந்த அரசியல் தலைவர், கடவுச்சீட்டை இழந்த பெண், நடைபாதைவாசிகள், நாளிதழ் படித்த வழக்கறிஞர், வேலூர்க் குடிமக்கள், ஓய்வுபெற்ற முதியவர், கல்லூரி மாணவி ஆகியோர் கேட்ட வினாக்களே தீர்ப்புகளாயின. கேட்கப்படாத இடத்தில் அந்த வரி வெறும் மையாகவே இருந்தது.

அடிப்படை உரிமை மீறப்படும்போது பிரிவு 32இன்கீழ் உச்ச நீதிமன்றத்தையும், பிரிவு 226இன்கீழ் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். வழக்கு நடத்த வசதியற்றோருக்கு இலவசச் சட்ட உதவி வழங்கச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் மாவட்டந்தோறும் இயங்குகின்றன. ஆனால், அரசியலமைப்பின் பெரும்பகுதி பயன்பாடு நீதிமன்றத்துக்கு வெளியில்தான் நிகழ்கிறது. அலுவலகத்தில் காரணம் கேட்பவரும், காரணம் கூறுபவரும் அதைப் பயன்படுத்துகின்றனர். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவர் பயன்படுத்துகிறார். பிறருடைய படத்தை இசைவின்றிப் பகிராமல் இருக்கும் மாணவரும் அதன் உட்பொருளைப் பின்பற்றுகிறார்.

இன்றைய மாணவர்கள் வாழப்போகும் காலத்தில், முகத்தை அடையாளம் காணும் கருவிகளும் மனிதருக்காக முடிவெடுக்கும் கணினிகளும் பெருகும். அவை குறித்து அரசியலமைப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால், இது சட்டப்படியானதா, நியாயமானதா, தேவையான அளவில் உள்ளதா என்னும் வினாக்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கக் கற்றவர்கள் இருக்கும்வரை, அந்தப் பதினெட்டுச் சொற்கள் பழையவை ஆகா.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் நீர், சாலை, வாழ்வாதாரம் ஆகியவற்றுள் ஒன்று தொடர்பாக எழுந்துள்ள சிக்கலைத் தேர்ந்தெடுத்து, பிரிவு 21 அதற்கு எவ்வாறு பொருந்தும் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘பள்ளி வளாகத்தில் கைப்பேசிக்கு முழுமையான தடை தேவை’ என்னும் தலைப்பில், தனியுரிமைத் தீர்ப்பின் மூன்று வினாக்களையும் பயன்படுத்தி வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.